அரிசி மட்டும் ஒரு கிலோ கூடியிருக்கிறது

போன மாதம் போன் மாற்றினேன். பழைய வாட்ஸப் எல்லாம் புதிய போனுக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, மளிகைக் கடைக்காரரின் சாட்டைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்த இடம் 2019 செப்டம்பர். அந்த மாதம்தான் அவர் துண்டுச் சீட்டெல்லாம் வேண்டாம், வாட்ஸப்பிலேயே போட்டுவிடுங்கள் என்று சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நான் அனுப்பிய லிஸ்ட் எல்லாம் வரிசையாக அப்படியே இருக்கிறது. ஆறு வருஷ லிஸ்ட்.

அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. நான் எண்ணாமல் விட்டுவிட்டேன்.

லிஸ்ட்டில் விலை கிடையாது. அளவு மட்டும்தான். விலையை அவர் பில்லில் போட்டு அனுப்புவார், அதை நான் பார்த்து, முகம் சுளித்து, பணத்தை அனுப்பிவிட்டு மறந்துவிடுவேன். துவரம் பருப்பு 2020-ல் என்ன விலை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அப்போது இரண்டு கிலோ வாங்கினேன், இப்போது ஒரு கிலோ வாங்குகிறேன் என்பது என் கையாலேயே எழுதியிருக்கிறது. ரீபைண்ட் ஆயில் மூன்று லிட்டர் இரண்டாகியிருக்கிறது. உளுந்து இரண்டு கிலோ ஒன்றரை ஆகியிருக்கிறது. முந்திரி 100 கிராம் என்று மாதாமாதம் வந்துகொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் தீபாவளி மாதத்தில் மட்டும் வருகிறது, அப்புறம் அதுவும் 50. தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர், அரை லிட்டர், 200 மில்லி. என்றைக்கும் உட்கார்ந்து யோசித்து நான் இதையெல்லாம் முடிவு செய்ததாக நினைவே இல்லை. அந்தந்த மாதம் கை தானாக ஒரு எண்ணைக் குறைத்து அடித்திருக்கிறது.

மொத்த லிஸ்ட்டிலும் அளவு கூடியது ஒரே ஒரு சாமான்தான். அரிசி. 2022 ஜூன் வரை '25 கிலோ சிப்பம் 1' என்று எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் '26 கிலோ சிப்பம்'. வீட்டில் யாருக்கும் திடீரென்று பசி கூடிவிடவில்லை. அந்த ஜூலை 18-ம் தேதியிலிருந்து பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோ வரைதான் அந்த வரி. அதற்கு மேல் போனால் கிடையாது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டுத் தைத்துவிட்டார்கள். சிப்பத்தைத் தூக்கி உள்ளே வைத்த கடைப் பையன், "கவர்மென்ட்டு ஒரு கிலோ ஏத்திருச்சுங்க்கா" என்று சிரித்தான். எடை கூடியது என் முதுகுக்கும் தெரியும்.

தள்ளித் தள்ளிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது. விலையில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று ஏறி இறங்குவது. இன்னொன்று ஏறி உட்கார்ந்துகொள்வது. தக்காளி, வெங்காயம் எல்லாம் முதல் வகை. டீ, இட்லி, பால் பாக்கெட், பஸ் ஸ்டாண்டு வடை எல்லாம் இரண்டாம் வகை. நாம் ஊரைக் கூட்டிப் புலம்புவது முதல் வகைக்கு. இரண்டாவதற்கு ஒரு வாரம் முணுமுணுப்போம். அவ்வளவுதான்.

தக்காளியையே எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் கிலோ 100-ஐத் தாண்டிப் போன கதையை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது. இங்கே கோயம்புத்தூரில், கிணத்துக்கடவுப் பக்கம் விளைந்து வருகிற ஊரில் இருந்துகொண்டு, நான் உழவர் சந்தையின் கரும்பலகையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு கால் கிலோ கேட்டேன். கால் கிலோ தக்காளி கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தராசில் ஐந்து பழம் வந்தது. ஒன்று சின்னதாக இருக்கிறதே என்று சந்தைக்காரம்மாவே இன்னொன்றை மேலே போட்டார்.

அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் பச்சைப் புளி ரசம்தான். கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், மிளகாய், சீரகம் நசுக்கிப் போட்டு, கொஞ்சம் வெல்லம். அடுப்பே வேண்டாம். எங்கள் பாட்டி காலத்தில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் செய்துகொண்ட ரசம். என் மகன் அதை முதல் முறையாகச் சாப்பிட்டுவிட்டு, "இது எந்த ரெசிப்பிம்மா?" என்றான். பஞ்சம் பிழைக்கிற ரெசிப்பிடா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அரிசியும் பருப்பும் சாதத்துக்குத் தக்காளி போடுவதை நிறுத்தினேன். மோர்க்குழம்பு வாரம் இரண்டு முறை வந்தது.

அப்புறம் செப்டம்பரில் தக்காளி விலை விழுந்தது. சும்மா விழவில்லை, பறிப்புக் கூலிக்குக் கட்டாமல் ரோட்டில் கொட்டுகிற அளவுக்கு விழுந்தது. நான் மறுபடியும் பழையபடி வாங்க ஆரம்பித்தேனா என்றால், இல்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று கிலோ எடுப்பேன். இப்போதும் இரண்டு கிலோவுக்கு மேல் கை போவதில்லை. ரசத்தில் தக்காளி குறைவாக இருந்தாலும் நடக்கும் என்று தெரிந்துவிட்டது. விலை தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது, நான்தான் திரும்பவில்லை.

டீ வேறு கதை. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: கோயம்புத்தூரில் டீக்கடை என்று தனியாகத் தேட வேண்டாம், பேக்கரி என்று போட்டிருக்கிற எல்லாமே டீக்கடைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் பப்ஸும் இருக்கும், அதைப் பத்துப் பேரில் ஒருவர் வாங்குவார். மற்ற ஒன்பது பேரும் நின்றுகொண்டே டீ குடிப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் அந்த ஒன்பதில் ஒருவர். கம்பெனி வாசலில் காலை ஒன்று, மாலை ஒன்று. டீ பத்து ரூபாயாக இருந்தபோது ஒரு டீயும் ஒரு வடையும். 12 ஆனபோது வடை போய்விட்டது. 15 ஆனபோது மாலை டீ 'ஒன் பை டூ' ஆகிவிட்டது. ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றித் தருவார்கள், அவரும் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற நண்பரும் குடிப்பார்கள். காசு ஒருநாள் இவர், ஒருநாள் அவர். சென்னையில் 2025 செப்டம்பரில் ஒரே நாளில் 12-லிருந்து 15-க்கு ஏற்றினார்களே, அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "நாம எல்லாம் முன்னாடியே பாஸ் பண்ணிட்டோம்" என்றார், ஏதோ பரீட்சை எழுதியவர் மாதிரி.

அவருக்கு வடை போனதில் வருத்தமில்லை. கொலஸ்ட்ரால் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் முன்பெல்லாம் டீ குடிக்கப் போகும்போது புதிதாகச் சேர்ந்த பையன்கள் யாராவது கூட வந்தால் இவரே காசு கொடுப்பார். நாலு டீ நாற்பது ரூபாய். இப்போது அந்தப் பையன்கள் எழுந்திருக்கிற சமயம் பார்த்து, தான் கொஞ்சம் கழித்து வருகிறேன் என்கிறாராம். இதை அவர் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பாலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48-லிருந்து 60 ஆனது. நாங்கள் கொழுப்பு குறைந்த வேறு நிறப் பாக்கெட்டுக்கு மாறினோம். தயிர் கொஞ்சம் நீர்த்துப் போனது. முடிந்தது.

காபிப் பொடியில்தான் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். எங்கள் வீட்டில் காபிப் பொடி மளிகைக் கடையில் வாங்குவதில்லை, அரைத்துக் கொடுக்கிற கடையில் வாங்குவோம். மாமனார் காலத்திலிருந்து '80க்கு 20' தான். அதாவது எண்பது பங்கு காபி, இருபது பங்கு சிக்கரி. பிரேசிலில் மழை இல்லை, வியட்நாமில் வறட்சி என்று ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றினார். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, இதுவரை காணாத உச்சத்துக்குப் போனது உண்மைதான். அந்த விலை எங்கள் வீட்டு பில்டருக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆகவில்லை. நான் '70க்கு 30' என்றேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து '60க்கு 40'. கொஞ்சம் மனசு கேட்கவில்லைதான். சட்டப்படி சிக்கரி 49 சதவீதம் வரை போகலாமாம், அந்த எல்லைக்கு ஒன்பது அடி தள்ளி நிற்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அத்தை டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார், "காபி இன்னைக்கு நல்லாக் கெட்டியா இருக்குதே. பொடி மாத்திட்டியா?"

சிக்கரி கூடினால் டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். அத்தைக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை, ஐம்பது வருஷமாக அந்த பில்டரைத் தட்டுகிறவர். பாராட்டுகிறாரா, கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்கிறாரா என்று புரியவில்லை. "அதே கடைதானுங்க அத்தை" என்றேன். பொய்யில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் மத்தியான காபியை நிறுத்திவிட்டார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். காபி பிடிக்காமல் நிறுத்தினாரா, வீட்டுச் செலவைப் பார்த்து நிறுத்தினாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது.

லிஸ்ட்டில் இல்லாத விஷயங்கள் என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான். நான் வாங்கியது லிஸ்ட்டில் இருக்கிறது. குறைத்து வாங்கியதும் இருக்கிறது. கொடுத்துக்கொண்டிருந்து நிறுத்தியது?

எங்கள் ரேஷன் கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும், ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2007-லிருந்து இருக்கிற ஏற்பாடு. பாமாயில் நாங்கள் சமைப்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற அக்கா எங்கள் கார்டைக் கொண்டுபோய், அந்த எண்ணெயையும் பருப்பையும் வாங்கி அவரே வைத்துக்கொள்வார். கைரேகை வந்த பிறகு நானே போய் ரேகை வைத்து வாங்கிக் கொடுத்தேன். அவரும் காசு கொடுப்பார், நானும் வாங்கிக்கொள்வேன். இது தானம் கிடையாது. ஆனால் ஐந்து பேர் சாப்பிடுகிற அவர் வீட்டுக்கு அவர்கள் கார்டில் வருகிற ஒரு லிட்டர் எந்த மூலைக்கு? எங்கள் லிட்டரும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும்.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் சண்டை ஆரம்பித்தது. நமக்கு வருகிற சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது, மே 23-ல்தான் திறந்துவிட்டது. எங்கோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் நின்றதற்கு, சிங்காநல்லூரில் நான் கடலைமாவுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பஜ்ஜி போடலாமா வேண்டாமா என்று நின்றேன். அந்த மே லிஸ்ட்டில்தான் ரீபைண்ட் மூன்று லிட்டர் இரண்டாகியிருக்கிறது. மூன்றாவது லிட்டர் எங்கிருந்து வந்தது என்று லிஸ்ட் சொல்லாது. ரேஷன் பாமாயிலை நான் வீட்டில் வைத்துக்கொண்டேன். பொரிப்பதற்கு மட்டும் என்று.

முதல் மாதம் அந்த அக்கா கேட்டார். "எண்ணெய் இந்த மாசம் வாங்கலீங்களா அம்மிணி?"

"இன்னும் போகலைங்க்கா" என்றேன். அடுப்பு மேடைக்குக் கீழே, அவர் கழுவிக் கவிழ்க்கிற பாத்திரக் கூடைக்கு ஓரடி தள்ளி, அந்த பாக்கெட் இருந்தது. அடுத்த மாதம் அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த மாதமும் கேட்கவில்லை. பாக்கெட்டைப் பார்த்திருப்பார். என் வீட்டில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

2023-ல் எண்ணெய் விலை நன்றாக இறங்கியது. அப்போது நான் பழையபடி அவரிடம் கொடுத்திருக்கலாம். இடையில் ஒரு வருஷம் விட்டுப்போனதை எப்படித் திரும்ப ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியை 20 சதவீதம் ஏற்றினார்கள், விலை மறுபடி ஏறியது. நல்லவேளை கொடுக்க ஆரம்பிக்கவில்லை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

இதே கணக்கின் மறுபக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். என் அண்ணனுக்கு ஆனைமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. காய் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு மூட்டை வரும். 2023-ல் தேங்காய் விலை படுத்துக் கிடந்தது. அரைவைக் கொப்பரைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள், வெளிச் சந்தையில் அந்த விலைக்கு எடுக்க ஆளில்லை. ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ரேஷன் பாமாயிலைப் பதுக்கிவைத்துக்கொண்டிருந்த அதே சமயம் என்பதைக் கவனிக்கவும். அந்த வருஷம் அண்ணன் இரண்டு மூட்டை ஏற்றிவிட்டார். "விக்கிற வெலைக்குக் காய் போடற கூலி கூட வர்றதில்ல பாப்பா, நீயே கொண்டு போ" என்றார். அப்போது எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் தேங்காய்தான். சட்னி, குழம்பு, ஒப்பட்டு. பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன். பாத்திரம் கழுவும் அக்காவுக்கும் மாதம் நாலு காய் போயிற்று. விலையில்லாத பொருளைக் கொடுப்பது எவ்வளவு சுலபம்!

2025-ல் எல்லாம் தலைகீழ். வருஷக்கணக்காக வெள்ளை ஈ. 2016-ல் அந்தச் சுருள் வெள்ளை ஈயை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பார்த்தது பொள்ளாச்சிப் பக்கம்தான். ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக வட்டம் போட்டிருக்கும், கீழ் ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துவிடும். அதோடு வேர் வாடல் நோய். காய் குறைந்தது, விலை ஏறியது. கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400-ஐத் தாண்டிப் போனது. இங்கே தெருக் கடையில் 15 ரூபாய்க்கு வாங்கிய காய் 40 ஆனது. ஹோட்டல்களில் சட்னியில் பொட்டுக்கடலை ஜாஸ்தியாகிவிட்டது. இரண்டாவது முறை சட்னி கேட்டால் சாம்பார் வாளி வந்தது.

அந்த ஆடி மாதம் ஊருக்குப் போனேன். கிளம்பும்போது காரின் டிக்கியைத் திறந்துவைத்துவிட்டு, எப்போதும் போல நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் ஒரு கட்டைப் பையைக் கொண்டுவந்து வைத்தார். பத்துக் காய். "வியாபாரி எண்ணி வெச்சிட்டுப் போயிட்டான் பாப்பா" என்றார், என்னைப் பார்க்காமல் டிக்கிக் கதவைப் பார்த்துக்கொண்டு. வியாபாரி எடை போட்டுத்தான் எடுப்பார், எண்ணி வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு மூன்று வருஷக் கடன் இருக்கிறது என்பதும் தெரியும். "இதே போதும்ண்ணா, வீட்ல நாலு பேருதான" என்றேன். கார் வாசலைத் தாண்டும்போது அம்மா ஓடி வந்து முந்தானைக்குள்ளிருந்து இரண்டு காயை எடுத்து ஜன்னல் வழியாக மடியில் போட்டார். உரிக்காத காய். மட்டை நாரெல்லாம் சேலையில் ஒட்டிக்கொண்டு பொள்ளாச்சி வரை உறுத்தியது.

அதில் இரண்டு காயை அந்த அக்காவுக்குக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

இப்படியெல்லாம் பழைய லிஸ்ட்டைத் தோண்டிக்கொண்டிருந்ததில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்து இந்த மாத லிஸ்ட்டை அடித்தேன். துவரம் பருப்பு 1 கிலோ. பாசிப்பருப்பு 1 கிலோ. உளுந்து ஒன்றரை. அரிசி 26 கிலோ சிப்பம் 1. ரீபைண்ட் என்று அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். 3 லிட்டர் என்று போட்டேன். அழித்தேன். மறுபடி 3 என்று போட்டேன். இந்த மாத ரேஷன் எண்ணெயை என்ன செய்யலாம் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குழப்பத்தில் தேங்காய் எண்ணெய்க்கு அளவு போடாமலேயே அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் கடையிலிருந்து பதில் வந்தது.

"ரீபைண்ட் 3 கரெக்டாங்க்கா? தே.எண்ணெய் எப்பவும் போல 200 தானே?"